வேலையை விட்டவனிடமும் சந்தா வாங்குங்கள்: இஎஸ்ஐ கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகத்தின் (இஎஸ்ஐ) தலைமை இயக்குநர் அவர்களுக்கும், கழகத்தின் தலைவர் பொறுப்பில் இருக்கும் ஒன்றியத் தொழிலாளர் துறை அமைச்சர் அவர்களுக்கும்,

கேரளத்தில் பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில், லேத்தில் இரும்பு கடையும் டர்னராக வேலை பார்த்தவன் நான். பதினைந்து வருடத்துக்கு மேல் மாதம் தவறாமல் என் சம்பளத்தில் இஎஸ்ஐ பிடித்தார்கள். அந்த வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு லேத் பட்டறை போட்டிருக்கிறேன். என் பங்கையும் கம்பெனி கட்டிய பங்கையும் சேர்த்து நானே கட்டுகிறேன், என்னையும் என் குடும்பத்தையும் இஎஸ்ஐயில் தொடர விடுங்கள் என்று கேட்டேன். விசாரித்த இடத்திலெல்லாம் ஒரே பதில்தான்: தனி ஆளாகக் கட்ட வழியில்லை, முதலாளி ஒருவர் இருந்தால்தான் முடியும். இந்தப் பதிலை என்னால் சரி என்று எடுத்துக்கொண்டு போக முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

கவுண்டரில் இருந்தவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. மரியாதையாகத்தான் பேசினார். அவர் கையில் விதி இல்லை, உங்கள் கையில் இருக்கிறது.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கடைசியாக நான் வாங்கிய சம்பளம் 20,000 ரூபாய். 2019 ஜூலையில் நீங்கள் சந்தாவைக் குறைத்த பிறகு தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். ஆக எனக்கு 150 ரூபாய், கம்பெனிக்கு 650 ரூபாய். இரண்டும் சேர்த்தால் மாதம் 800, வருடம் 9,600 ரூபாய். இந்தப் பணத்துக்கு நான், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று நான்கு பேருக்கும் டிஸ்பென்சரி, மாத்திரை, ரத்தப் பரிசோதனை, ஆஸ்பத்திரியில் படுக்கை என்று எல்லாம் நடந்தது. டிஸ்பென்சரியில் கூட்டம் இருக்கும், சில மாத்திரைகள் அடுத்த வாரம்தான் வரும் என்பார்கள். அந்தக் குறைகள் எனக்குத் தெரியும். ஆனாலும் பிள்ளைக்கு ராத்திரி காய்ச்சல் வந்தால் விடிந்ததும் எங்கே போவது என்பதில் எங்கள் வீட்டில் குழப்பம் இருந்ததில்லை.

வேலையை விட்ட பிறகும், கட்டிய சந்தாவைப் பொறுத்து, சில மாதங்கள் சிகிச்சை கிடைக்கும். அதற்கப்புறம் அட்டை செல்லாது.

சரி, வெளியே வாங்கிக்கொள்ளலாம் என்று தனியார் காப்பீட்டைப் பார்த்தேன். எனக்கு 46 வயது, மனைவிக்குச் சர்க்கரை இருக்கிறது. நான்கு பேருக்கும் சேர்த்து 5 லட்சத்துக்கு ஒரு பாலிசி கேட்டதற்கு வருடம் 28,000 சொச்சம் சொன்னார்கள். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டியை 2025 செப்டம்பர் 22 முதல் எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம். அதை எடுத்த பிறகு சொன்ன தொகைதான் இது. இஎஸ்ஐக்கு என் பங்கும் கம்பெனி பங்குமாகப் போனதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. வயது ஏற ஏற இதுவும் ஏறும்.

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பாலிசி எதைத் தரும், எதைத் தராது என்று உட்கார்ந்து படித்தபோதுதான் மனசு விட்டுப்போனது. முதல் 30 நாள், விபத்து தவிர எதற்கும் பணம் கிடையாது. கண்புரை, குடலிறக்கம், சிறுநீரகக் கல் மாதிரியான பட்டியலிட்ட நோய்களுக்கு 2 வருடம் காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 3 வருடம். இந்த 3 வருடம் என்பதே 2024 ஏப்ரலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் குறைத்ததற்குப் பின் உள்ள உச்ச அளவு. அதற்கு முன் 4 வருடம். மாதாமாதம் வாங்குகிற சர்க்கரை மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் அந்தப் பாலிசியில் ஒரு பைசா கிடையாது. ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பாலிசி கண் திறக்கும்.

இங்கேதான் என் ஆதங்கம். ஒரு தனியார் கம்பெனி பாலிசியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால், முதல் இடத்தில் காத்திருந்த வருடங்களைக் கழித்துக்கொள்கிறார்கள். போர்ட்டபிலிட்டி என்று அதற்கு விதியே இருக்கிறது. ஐடி கம்பெனியில் குழுக் காப்பீட்டில் இருந்த ஒருவர் வேலையை விட்டால், அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் பதினைந்து வருடம் உங்களிடம் இருந்தவனுக்கு அந்தப் பதினைந்து வருடமும் பூஜ்யம். ஏஜென்டிடம் என் இஎஸ்ஐ நம்பரைக் காட்டினேன். "அண்ணா, இது எங்க சிஸ்டத்துல எடுக்காதுங்ண்ணா. நீங்க புதுசா வர்ற ஆள் மாதிரிதான்" என்றார். என் மனைவிக்குச் சர்க்கரை என்று கண்டுபிடித்ததே உங்கள் டிஸ்பென்சரி டாக்டர்தான். அன்றிலிருந்து மருந்து கொடுத்து வந்ததும் நீங்கள்தான். அந்த ஏட்டில் உள்ள நோய்தான் இன்றைக்கு இன்னொரு ஏட்டில் அவளுக்கு எதிராக நிற்கிறது.

மாத்திரையை இப்போது மெடிக்கலில் காசு கொடுத்து வாங்குகிறோம். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. பட்டறைக்கு ஆர்டர் குறைந்த ஒரு மாதத்தில் அவள் கேட்டாள்: "ஏனுங்க, ராத்திரி மாத்திரைய விட்டுட்டா ஒண்ணும் ஆகாதுங்களே?" நான் வேண்டாம் என்று சொன்னேன். எனக்குத் தெரியாமல் அவள் எத்தனை ராத்திரி விட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியாது.

உங்களிடம் எதற்கு வருகிறாய், மாநில அரசுத் திட்டங்கள் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் வீடு கொழிஞ்சாம்பாறைப் பக்கம், கேரளத்துக்குள். பட்டறை வேலந்தாவளம் செக்போஸ்டைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள். இந்தப் பக்கங்களில் இது சாதாரணம். கஞ்சிக்கோடு கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்களில் எட்டிமடை, கந்தேகவுண்டன்சாவடிப் பக்கத்திலிருந்து வாளையார் தாண்டி வருகிறவர்கள் உண்டு. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவிலிருந்து கோயம்புத்தூர் பட்டறைகளுக்குப் போகிறவர்களும் உண்டு. தென்னந்தோப்புக்காரர் மோட்டார் ஷாஃப்ட் தேய்ந்துவிட்டது என்று தூக்கிக்கொண்டு வரும்போது அவர் தோப்பு எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று நான் கேட்பதில்லை. ஷாஃப்ட்டை லேத்தில் மாட்டி, தேய்ந்த இடத்தில் வெல்டு ஏற்றி, மறுபடி அளவுக்குக் கடைந்து, பேரிங் உட்காருகிறதா என்று பார்த்துக் கொடுத்தனுப்புகிறேன். வேலைக்கு எல்லை இல்லாத ஊர் எங்களுடையது. மருத்துவத் திட்டங்களுக்கு மட்டும் எல்லை உண்டு.

கேரளத்தில் காருண்ய ஆரோக்ய சுரக்ஷா திட்டம் இருக்கிறது. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம். பெரிய திட்டம், பலரைக் காப்பாற்றிய திட்டம், குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அதன் பட்டியல் 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பிலிருந்தும் ஆர்எஸ்பிஒய் என்ற பழைய ஒன்றிய அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டைகளிலிருந்தும் வந்தது. அந்தக் காலத்தில் நான் கம்பெனி வேலையில், இஎஸ்ஐ பிடித்தமுள்ள சம்பளத்தில் இருந்தவன். அன்றைக்கு நல்ல நிலையில் இருந்தவன் என்பதால் இன்றைக்குப் பட்டியலில் இல்லை. காருண்ய பெனவலன்ட் ஃபண்டு என்று ஒன்றும் இருக்கிறது. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருந்து முதலில் சொன்ன திட்டத்தில் இல்லாத குடும்பத்துக்கு, பெரிய நோய் என்றால் ஒரே ஒரு தடவை, பொதுவாக 2 லட்சம் வரை. அது ஆபத்துக்கு உதவும் நிதி. மாதாமாதம் சந்தா கட்டி நம்பியிருக்கிற காப்பீடு ஆகாது.

பட்டறை இருக்கிற தமிழ்நாட்டுப் பக்கம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். அதற்குத் தமிழ்நாட்டு ரேஷன் கார்டு வேண்டும். என்னிடம் இருப்பது கேரள கார்டு. அந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்காவது முழுசாகக் கிடைக்கிறதா என்றால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு 72,000 ஆக இருந்ததை உயர்த்தினார்கள், சரிதான். இருந்தாலும் மாதத்துக்கு 10,000 ரூபாய் தாண்டினால் வெளியே. பட்டறை வாடகை, கரன்ட் பில் போக மாதம் 10,000 கூட மிஞ்சாதவன் எப்படித் தொழிலை நடத்துவான்?

இதில் சொந்தத் தொழில் செய்கிறவனை இரண்டு பக்கமும் இழுக்கிற ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் அமைச்சர்கள் யாரும் இதைப் பேசி நான் கேட்டதில்லை. லேத் வாங்க முத்ரா கடன் கேட்டால் பேங்க்கில் வருமானத்தைக் காட்டு என்கிறார்கள். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு, பேங்க் ஸ்டேட்மென்ட், வரித் தாக்கல் எல்லாம் வேண்டும். வருமானம் நிறைய இருந்தால் கடன். மருத்துவ அட்டை கேட்டால் வருமானச் சான்றிதழ் வாங்கி வா என்கிறார்கள். வருமானம் குறைவாக இருந்தால் அட்டை. "குறைச்சு எழுதி வாங்கிக்கோ, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் உண்டு. பொய்ச் சான்றிதழ் கொடுத்து என் பிள்ளைக்கு வைத்தியம் பார்க்க எனக்கு விருப்பமில்லை. இனாமாகவும் கேட்கவில்லை. நியாயமான சந்தாவைச் சொல்லுங்கள், கட்டுகிறேன்.

அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான ஒன்றிய அரசின் இ-ஷ்ரம் தளத்தில் பதிவு செய்தேன். அட்டை வந்தது. அதை வைத்து ஆஸ்பத்திரியில் ஒரு ஊசிகூடப் போட முடியாது. 2025 பட்ஜெட்டில், ஆன்லைன் தளங்களில் வேலை பார்க்கும் கிக் தொழிலாளர்களை இ-ஷ்ரமில் பதிந்து, பிரதமரின் ஆயுஷ்மான் திட்டத்தில் மருத்துவ வசதி தருவதாக அறிவித்தார்கள். உணவு கொண்டுபோய்க் கொடுக்கிற பையன்களுக்கு அது கட்டாயம் வேண்டும், வெயிலிலும் மழையிலும் அவர்கள் படும் பாட்டைப் பார்க்கிறோம். அப்படியானால் செயலி எதிலும் இல்லாத டர்னர், வெல்டர், தையல்காரர், மோட்டார் ரீவைண்டிங் செய்கிறவர், தறிக்காரர் எல்லாம் எங்கே போவது?

ஆகவே இரண்டு மாநிலத்துக்கும் பொதுவாக எங்களுக்கு இருந்தது இஎஸ்ஐ ஒன்றுதான். நீங்கள் ஒன்றிய அரசின் நிறுவனம். சந்தாவைக் கழகம் வாங்குகிறது, நம்பர் நாடு முழுக்க ஒன்று. செக்போஸ்ட் உங்களுக்குக் குறுக்கே நிற்காது. 1948-ல் சட்டம் வந்து, தமிழ்நாட்டில் 1955-ல் கோயம்புத்தூரில்தான் இந்தத் திட்டம் தொடங்கியது. என் அப்பா அங்கே ஒரு மில்லில் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறை இஎஸ்ஐயில் வளர்ந்தது. உங்கள்மேல் உரிமையோடு பேசுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சட்டத்தில் இடமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். இடம் இருக்கிறது. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன் 45-வது பிரிவு, அமைப்புசாராத் தொழிலாளர்கள், கிக் தொழிலாளர்கள், அவர்கள் குடும்பத்தார் ஆகியோருக்கு இஎஸ்ஐ பலன்களைத் தர ஒன்றிய அரசு கழகத்தோடு கலந்து பேசித் திட்டம் வகுக்கலாம் என்கிறது. அமைப்புசாராத் தொழிலாளி யார் என்று சொல்லும் இடத்தில் சுயதொழில் செய்பவரையும் அதே சட்டம் சேர்த்துச் சொல்கிறது. நாடாளுமன்றம் கதவை வைத்துக் கொடுத்துவிட்டது. திறக்க வேண்டியது நீங்கள்.

அதே சட்டம், 10 பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடங்களும், முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளர்களும் சம்மதித்தால், இஎஸ்ஐயில் சேரலாம் என்கிறது. என் பட்டறையில் ஒரு பையன் நிற்கிறான். அவனை இஎஸ்ஐயில் சேர்க்க எனக்கு வழி இருக்கிறது, சேர்க்கத்தான் போகிறேன். இதை யோசித்துப் பாருங்கள். ஒரே லேத், ஒரே சக். இரண்டு பேர் முகத்திலும் ஒரே மாதிரி இரும்புப் பிசிர் தெறிக்கிறது. அவன் விரல் மாட்டினால் இஎஸ்ஐ பார்த்துக்கொள்ளும். நான் கட்டிய 3.25 சதவீதத்தில் அவனுக்குத் தையல் போடுவார்கள், கை ஆறும் வரை சம்பளத்தில் ஒரு பங்கும் தருவார்கள். என் விரல் மாட்டினால் நான் பர்ஸைத் தடவிப் பார்த்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்க வேண்டும். கம்பெனியில் இருந்தபோது ஒரு தடவை சுருள் பிசிர் கட்டைவிரலை அறுத்துவிட்டது. தையல் போட்டு, கட்டு மாற்றி, மறுபடி வேலைக்குப் போகலாம் என்று சீட்டு எழுதும் வரை நீங்கள்தான் பார்த்தீர்கள். அந்த லேத்தும் இந்த லேத்தும் வேறா? சொந்தப் பட்டறையில் மேல்பார்வைக்கு ஆள் இல்லை, பாதுகாப்பு அதிகாரி இல்லை, ஆர்டர் முடிய வேண்டுமென்று ராத்திரி எட்டு மணிக்கும் மெஷின் ஓடுகிறது. ஆபத்து இங்கேதான் கூடுதல்.

என்னோடு வேலை பார்த்த ஒரு வெல்டர் எனக்கு முன்பே வேலையை விட்டு, ஷெட் போட்டுக் கொடுக்கிற தொழிலுக்குப் போனார். கந்தேகவுண்டன்சாவடிப் பக்கத்துக்காரர். கூரையில் தகடு அடிக்கும்போது சறுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. அவருடைய வருமானம் தமிழ்நாட்டுத் திட்டத்தின் வரம்பைக் கொஞ்சம் தாண்டியது. தனியார் பாலிசி அடுத்த மாதம் எடுக்கலாம், அதற்கடுத்த மாதம் எடுக்கலாம் என்று பிரீமியத்தைப் பார்த்துத் தள்ளிப்போட்டிருந்தார். ஆபரேஷனுக்கு மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போனது, அப்புறம் இரண்டு கறவை மாடுகளும் போயின. இன்றைக்கு அவர் மறுபடி ஒரு கம்பெனியில் கூலிக்கு வெல்டிங் அடிக்கிறார். தொழிலில் தோற்று அவர் திரும்பவில்லை. ஆர்டர் இருந்தது. ஆஸ்பத்திரிச் செலவுதான் அவரைத் திருப்பி அனுப்பியது. எங்கள் வட்டாரத்தில் கைத்தொழில் தெரிந்த பலர் சொந்தமாகத் தொழில் தொடங்கப் பயப்படுவதற்கு இந்த ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் பெண்கள் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்: "இஎஸ்ஐ போயிடுமே?"

இனி உங்கள் பக்கத்திலிருந்து வரக்கூடிய மறுப்புகளுக்கு வருகிறேன். நோய் வந்தவர்கள் மட்டும் சந்தா கட்ட வருவார்கள், ஆரோக்கியமானவர்கள் வரமாட்டார்கள், கழகத்துக்கு நஷ்டம் என்பீர்கள். நியாயமான கவலைதான். அதற்கு வழி இருக்கிறது. குறைந்தது 5 வருடம் இஎஸ்ஐயில் இருந்தவருக்கு மட்டும் இந்த உரிமை என்று வையுங்கள். வேலையை விட்ட சில மாதங்களுக்குள் சேர்ந்துவிட வேண்டும், நடுவில் விட்டால் திரும்பச் சேர முடியாது என்று வையுங்கள். அப்போது ஒருவர் நோய் வந்த பிறகு ஓடி வர முடியாது. ஆரோக்கியமாக இருந்த காலமெல்லாம் சந்தா கட்டியவர்தான் தொடர்வார். நான் பதினைந்து வருடம் கட்டினேன். அதில் பல வருடங்கள் உங்களிடம் ஒரு காய்ச்சல் மாத்திரைக்குக்கூட வந்ததில்லை.

சுயதொழில்காரனின் வருமானத்தை எப்படி அளப்பது என்பீர்கள். அளக்கவே வேண்டாம். கடைசியாக வாங்கிய சம்பளம் உங்கள் ஏட்டில் இருக்கிறது. அதில் 4 சதவீதம் என்று தொடங்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை எல்லோருக்கும் பொதுவாக ஏற்றுங்கள். மாதாமாதம் கட்ட முடியாது, எங்களுக்குப் பணம் வருகிற மாதமும் உண்டு வராத மாதமும் உண்டு. அதனால் அரை வருடத்துக்கு முன்பணமாக வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் சந்தாக் காலமே ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று ஆறு ஆறு மாதமாகத்தானே ஓடுகிறது.

முதலாளி இல்லாமல் சந்தா வாங்கும் பழக்கமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 5 வருடம் இன்ஷூர் ஆகியிருந்து ஓய்வு பெற்றவரிடம் மாதம் 10 ரூபாய் வீதம் வருடத்துக்கு 120 ரூபாய் வாங்கிக்கொண்டு, அவருக்கும் அவர் துணைக்கும் சிகிச்சை தருகிறீர்கள். விருப்ப ஓய்வில் போனவருக்கும் அது உண்டு. எனக்கும் உண்டா என்று கேட்டதற்கு, ராஜினாமா செய்தவர் அதில் வரமாட்டார் என்றார்கள். அந்த 120 ரூபாய்க்கு எத்தனையோ வயதானவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள், அது அப்படியே இருக்கட்டும். 2024 பிப்ரவரியில் விதியை இன்னும் தளர்த்தி, சம்பள உச்சவரம்பைத் தாண்டியதால் இஎஸ்ஐயை விட்டு வெளியே போய் ஓய்வு பெற்றவர்களுக்கும் வழி செய்தீர்கள். மனம் வைத்தால் கழகம் விதியை மாற்றும் என்பதற்கு அதுவே சாட்சி. 120 ரூபாய் கட்டுகிறவரைச் சேர்த்துக்கொள்கிற கழகம், 9,600 ரூபாய் கட்டுகிறேன் என்று வருகிறவனை ஏன் திருப்பி அனுப்ப வேண்டும்?

என் கோரிக்கைகளைத் தெளிவாகவே எழுதிவிடுகிறேன்.

45-வது பிரிவின்கீழ், 5 வருடமாவது சந்தா கட்டியபின் வேலையை விட்டுச் சுயதொழில் தொடங்கும் ஒருவர், இரண்டு பங்கையும் தானே கட்டி, குடும்பத்தோடு மருத்துவப் பலனில் தொடர ஒரு திட்டத்தை அறிவியுங்கள். சம்பளத்துக்கு ஈடாகத் தரும் நோய்க்காலப் பணத்தை நான் முதலிலேயே கேட்கவில்லை. வைத்தியம் மட்டும் போதும். வேலையில் அடிபட்டால் கிடைக்கும் பலனைச் சுயதொழில்காரருக்கும் கூடுதல் சந்தாவுக்குத் தர முடியுமா என்பதை அடுத்த கட்டமாகவாவது பாருங்கள். திட்டம் வருவதற்கு முன்பே வெளியே வந்துவிட்ட என்னைப் போன்றவர்கள் சேர ஒரு தடவை அவகாசம் கொடுங்கள். இல்லாவிட்டால் இந்த மடலால் எனக்கு அடுத்து வருகிறவர்களுக்குத்தான் பலன். அதுவும் சந்தோஷம்தான், ஆனால் என் மனைவியின் மாத்திரைக்கு அது ஆகாது.

இரண்டாவது, வேலையை விடும் ஒவ்வொருவருக்கும், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை அவரும் குடும்பமும் காப்பீட்டில் இருந்தார்கள் என்று ஒரு சான்றிதழ் கொடுங்கள். அந்த வருடங்களைத் தனியார் பாலிசியின் காத்திருப்புக் காலத்தில் கழித்துக்கொள்ள வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்திடம் நீங்களே எடுத்துப் பேசுங்கள். தனி ஆளாக நான் அந்த ஆணையம் இருக்கும் ஹைதராபாத்துக்கு எழுதினால் யார் மதிப்பார்கள்? கழகம் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். இதற்குக் கழகத்துக்குப் பெரிய செலவும் இல்லை.

மூன்றாவது, அட்டை எந்தத் தேதியோடு முடிகிறது என்பதை வேலையை விட்ட அன்றே எஸ்எம்எஸ்ஸில் தெரிவியுங்கள். எங்கள் பகுதிக்குத் தமிழிலும் மலையாளத்திலும் வரட்டும். டிஸ்பென்சரிக்குப் போய், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, நம்பர் எடுக்கவில்லை என்று தெரிந்துகொள்கிற நிலைமை ஒரு தாய்க்கும் வரக் கூடாது.

நான்காவது, திட்டத்தை வகுக்கும்போது எல்லைப் பகுதிக்காரர்களை மறக்காதீர்கள். கொழிஞ்சாம்பாறையில் குடியிருந்து வேலந்தாவளத்துக்கு அப்பால் தொழில் செய்கிறவர், பாலக்காட்டிலோ கோயம்புத்தூரிலோ தனக்குப் பக்கமான இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொள்ளட்டும். வீட்டு முகவரி எந்த மாநிலம், பட்டறை முகவரி எந்த மாநிலம் என்று பார்த்து விண்ணப்பத்தைத் தள்ளிவிட வேண்டாம்.

உங்கள் கழகத்தில் முதலாளிகளின் பிரதிநிதிகள் இருக்கிறார்கள், தொழிலாளர்களின் பிரதிநிதிகள் இருக்கிறார்கள், மாநில அரசுகள், மருத்துவர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். முதலாளியாகவும் தொழிலாளியாகவும் ஒரே ஆளாக நின்று மெஷின் ஓட்டுகிறவனுக்காக அங்கே பேச ஆள் வேண்டும். இந்த மடலில் உள்ளதை அடுத்த கழகக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லிக் கேட்கிறேன். சேர்த்தீர்களா, என்ன முடிவெடுத்தீர்கள் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். முடியாது என்பதுதான் முடிவு என்றால், எந்த விதியின்படி, என்ன காரணத்தால் முடியாது என்பதையும் எழுதுங்கள். அதை வைத்துக்கொண்டு எங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் போவேன்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறைப் பகுதியிலிருந்து ஒரு லேத் பட்டறைக்காரன்